பல்கலைக்கழகத் துறைக்குள் இனப் பாகுபாட்டைத் தணிக்கை செய்வது எப்படி?

உங்கள் துறையில் இனவாதம் இருக்கிறதா என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் இல்லை என்பார்கள், மனதறிந்து பொய்யும் சொல்ல மாட்டார்கள். அதே துறையில் பதினைந்து ஆண்டுகளாகக் கறுப்பினத்தவர் ஒருவர்கூடப் பேராசிரியராக உயர்ந்திருக்க மாட்டார். இந்த இரண்டும் சேர்ந்தே நடக்க முடியும். பிரிட்டனில் கறுப்பின இளைஞர் ஸ்டீபன் லாரன்ஸின் கொலையைக் காவல்துறை கையாண்ட விதத்தை விசாரித்த மேக்ஃபர்சன் அறிக்கை 1999-இல் இதைத் தெளிவாகச் சொன்னது: நிறுவன இனவாதம் என்பது ஓர் அமைப்பு மொத்தமாகத் தவறுவது. அதற்குக் கெட்ட எண்ணம் படைத்த ஒருவர் உள்ளே இருக்க வேண்டிய அவசியமில்லை.

ஆகவே இந்தத் தணிக்கையில் யாருடைய மனதையும் சோதிக்கப் போவதில்லை. வேலைக்கு எடுப்பது, பாடம் ஒதுக்குவது, சம்பளப் புள்ளி வைப்பது, புகாரைக் கையாள்வது என்று முடிவு எடுக்கப்படும் ஒவ்வொரு மேசையிலும் இருக்கும் காகிதத்தைப் படிப்பதுதான் வேலை. பிரிட்டிஷ், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஆசிரியராகவோ அலுவலகப் பணியாளராகவோ தொழிற்சங்கப் பிரதிநிதியாகவோ இருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது இது.

குழு

ஐந்து முதல் ஏழு பேர் போதும். பணத்தின் மீதும் நியமனத்தின் மீதும் அதிகாரம் உள்ள ஒருவர் கட்டாயம் வேண்டும். துறைத்தலைவர் வர மறுத்தால் டீன் அலுவலகத்திலிருந்து ஒருவரைக் கேளுங்கள். எச்.ஆர். தரவுத்தளத்தில் நேரடியாகக் கை வைக்கக்கூடிய ஒருவர், ஆய்வகத் தொழில்நுட்பப் பணியாளர் அல்லது அலுவலகப் பணியாளர் ஒருவர், ஒப்பந்த ஆசிரியர் ஒருவர், சங்கப் பிரதிநிதி ஒருவர். ஒப்பந்த ஆசிரியரை விட்டுவிட்டால் துறையின் அடித்தளமே கண்ணில் படாது.

துறையில் இருக்கும் ஒரே கறுப்பின விரிவுரையாளரைத் தலைவராகப் போடுவதுதான் வழக்கமான தவறு. 'பண்பாட்டு வரி' என்று அமாடோ பாடில்லா 1994-இல் எழுதியது இதைத்தான். சிறுபான்மைப் பேராசிரியர்கள் தங்கள் இனத்தின் பிரதிநிதியாக எல்லாக் குழுவிலும் உட்கார வைக்கப்படுகிறார்கள், பதவி உயர்வு நேரத்தில் அந்த உழைப்பு கணக்கில் வருவதில்லை. அவர் தானே விரும்பி வந்தால் வரட்டும். ஆனால் குழுவில் இருக்கும் எல்லோருக்கும் கற்பித்தல் நேரத்தில் கழிவு கொடுத்து, அதைப் பணிச்சுமைப் பட்டியலில் எழுத்தில் காட்டுங்கள். 'ஆர்வத்தில் செய்கிறார்' என்று விட்டால் இரண்டாவது பருவத்தில் குழு கலைந்துவிடும்.

தரவைத் திறப்பதற்கு முன்பே மூன்று கேள்விகளை எழுதித் தேதி போட்டு வையுங்கள். தரவைப் பார்த்தபின் எழுதும் கேள்விகள் நமக்கு வசதியான பக்கமே சாயும். இன்னொரு வேலையையும் முதல் வாரத்திலேயே முடிக்க வேண்டும்: இன்டர்வியூ குறிப்புகளை அழிக்க வேண்டாம் என்று எச்.ஆருக்கு எழுத்தில் சொல்லிவிடுங்கள். பல இடங்களில் ஆறு மாதத்திலோ ஓராண்டிலோ அவை போய்விடும். குழு அமைந்து, கூடிப் பேசி, அனுமதி வாங்கும் நேரத்தில் படிக்கவே ஒன்றும் மிஞ்சியிருக்காது.

எண்ணுவது

முதல் எச்சரிக்கை, எல்லோரையும் ஒரே பெட்டியில் போடாதீர்கள். பிரிட்டனில் நெடுங்காலம் வெள்ளையரல்லாத அனைவரையும் 'பேம்' (BAME) என்ற ஒரே சுருக்கப் பெயரில் அடைத்து எண்ணினார்கள். இந்திய வம்சாவளி மருத்துவப் பேராசிரியரும் கரீபிய வம்சாவளி விரிவுரையாளரும் ஒரே வரிசையில் வந்தால் சராசரி பார்க்க அழகாகத்தான் இருக்கும், உள்ளே நடப்பது தெரியாது. அமெரிக்காவில் சிக்கல் வேறு மாதிரி. மத்திய அரசுக்கு அனுப்பும் ஐபெட்ஸ் கணக்கில் விசாவில் இருப்பவர்கள் இனவாரியாக எண்ணப்படுவதில்லை, 'வெளிநாட்டவர்' என்ற தனிக் கட்டத்துக்குப் போகிறார்கள். எச்-1பி விசாவில் உள்ள நைஜீரியப் பேராசிரியர் கறுப்பினத்தவர் எண்ணிக்கையில் வரவே மாட்டார். எனவே அரசுக்குப் போகும் அறிக்கையை நம்பாமல் மூலத் தரவைக் கேளுங்கள்.

இரண்டாவது, பட்டியலிலேயே இல்லாதவர்கள். துப்புரவு, காவல், உணவகப் பணிகளை வெளி நிறுவனத்துக்கு விட்டிருந்தால் அங்கே வேலை செய்பவர்கள் பல்கலைக்கழகத்தின் இனக் கணக்கில் இருக்க மாட்டார்கள். லண்டனில் இந்தப் பணியாளர்களில் பெரும்பாலோர் புலம்பெயர்ந்து வந்தவர்கள். சோவாஸ் கல்லூரியின் துப்புரவுப் பணியாளர்கள் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2018-இல் நேரடிப் பணியாளர்களானார்கள். உங்கள் வளாகத்தில் காலை ஐந்து மணிக்கு வருபவர்களின் ஓய்வூதியமும் நோய்விடுப்பும் என்ன என்ற கேள்வியை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே வையுங்கள். இது எங்கள் வரம்பில் இல்லை என்று யாராவது சொல்வார்கள். அந்த வரம்பை வகுத்தவர் யார் என்பதும் தணிக்கைக்குள் வரும் கேள்விதான்.

இனி நியமனக் கணக்கு. அமெரிக்காவின் 1978 பணித்தேர்வு வழிகாட்டுதல்களில் ஐந்தில் நான்கு விதி என்று ஒன்று உண்டு. ஒரு பிரிவின் தேர்வு விகிதம், அதிக விகிதம் பெற்ற பிரிவின் விகிதத்தில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் எச்சரிக்கை மணி. இது குற்றத்துக்கு ஆதாரமாகிவிடாது, எங்கே தோண்ட வேண்டும் என்று காட்டும். ஒரு கற்பனைத் துறையை எடுத்துக்கொள்வோம். ஐந்து ஆண்டுகளில் வெள்ளையர் 120 பேர் விண்ணப்பித்து 30 பேர் ஷார்ட்லிஸ்ட் ஆனார்கள்: 25 சதவீதம். ஆசியர் 60 பேரில் 9 பேர்: 15 சதவீதம். கறுப்பினத்தவர் 20 பேரில் 2 பேர்: 10 சதவீதம். 15-ஐ 25-ஆல் வகுத்தால் 0.6, 10-ஐ வகுத்தால் 0.4. இரண்டுமே 0.8-க்குக் கீழே. அடுத்த கட்டம்: இன்டர்வியூவுக்கு வந்த 30 வெள்ளையரில் 3 பேருக்கு வேலை, 9 ஆசியரில் ஒருவருக்கு வேலை. 10 சதவீதம், 11 சதவீதம். கிட்டத்தட்டச் சமம்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? ஆசிய விண்ணப்பதாரர்களைப் பொறுத்தவரை வடிகட்டல் நடப்பது இன்டர்வியூ அறையில் இல்லை, அதற்கு முன்பே, விண்ணப்பங்களைப் புரட்டும் மேசையில். ஆனால் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் இன்டர்வியூ குழுவுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று போய்விடும். கட்டம் கட்டமாக எண்ணாமல் 'விண்ணப்பித்தவர், வேலை பெற்றவர்' என்று இரண்டே எண்ணை வைத்துப் பேசினால் மருந்து தவறான இடத்தில் விழும்.

சிறிய எண்களில் கவனம் வேண்டும். மேலே உள்ள கணக்கில் கறுப்பின விண்ணப்பதாரர் இன்னும் ஒருவர் தேர்வாகியிருந்தால் 10 சதவீதம் 15 ஆகிவிடும். அதனால் ஓராண்டுத் தரவை வைத்து முடிவு கட்டாதீர்கள், மூன்று முதல் ஐந்து ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள். வெளியிடும்போது தனிநபர் அடையாளம் தெரிந்துவிடக் கூடாது. பிரிட்டனின் உயர்கல்விப் புள்ளிவிவர அமைப்பான ஹெசா எண்களை அருகிலுள்ள 5-இன் மடங்குக்கு மாற்றுகிறது, 22.5-க்குக் குறைவானவர்களை வைத்துக் கணக்கிட்ட சதவீதத்தை வெளியிடுவதில்லை. அதே விதியைப் பின்பற்றலாம். ஆனால் 'எண் சிறியது' என்பதையே காரணமாக்கி முழு அட்டவணையையும் பூட்டி வைக்கும் தந்திரமும் உண்டு. அப்படிச் சொன்னால் குழுவுக்கு மட்டும் ரகசியமாகக் காட்டச் சொல்லுங்கள். எண் ஏன் இவ்வளவு சிறியது என்பதே ஒரு கண்டுபிடிப்பு.

ஷார்ட்லிஸ்ட் மேசையில்

நேரம் அதிகம் செலவழிக்க வேண்டிய இடம் இது. முதல் வேலை, விளம்பரத்தில் இருந்த ஒவ்வொரு நிபந்தனையையும் தனித்தனியே எடுத்துவிட்டு மறுபடி எண்ணுவது. 'முன்னணிப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம்' என்ற நிபந்தனையை நீக்கினால் எத்தனை பேர் உள்ளே வருகிறார்கள், அவர்கள் யார்? 'இந்நாட்டில் கற்பித்த அனுபவம்' என்பதை நீக்கினால்? குறிப்பிட்ட நான்கு இதழ்களில் கட்டுரை வந்திருக்க வேண்டும் என்பதை நீக்கினால்? ஒரு நிபந்தனையை எடுத்ததும் ஒரே பிரிவைச் சேர்ந்தவர்கள் கூட்டமாகத் திரும்பி வந்தால், அந்த நிபந்தனை இந்த வேலைக்கு நிஜமாகவே தேவையா என்று துறை எழுத்தில் விளக்கட்டும். சில நேரம் விளக்கம் சரியாகவே இருக்கும். பல நேரம், 'முன்பிருந்தே இப்படித்தான்' என்பதற்கு மேல் யாரிடமும் பதில் இருக்காது.

அடுத்து, அளவுகோல் எப்போது முடிவானது என்று பாருங்கள். உல்மன், கோஹென் என்ற இரு ஆய்வாளர்கள் 2005-இல் காவல்துறைத் தலைவர் பதவிக்கு ஆண் ஒருவரையும் பெண் ஒருவரையும் மதிப்பிடச் சொன்னார்கள். ஆணிடம் படிப்பு இருந்தால் படிப்புதான் முக்கியம் என்றார்கள், ஆணிடம் தெரு அனுபவம் இருந்தால் அனுபவம்தான் முக்கியம் என்றார்கள். விண்ணப்பதாரரைப் பார்க்கும் முன்பே அளவுகோலை உறுதி செய்தபோது இந்தச் சாய்வு போய்விட்டது. அது ஆண், பெண் பற்றிய சோதனை. ஆனாலும் நியமனக் குழுவில் உட்கார்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானதாகத்தான் இருக்கும். எனவே மதிப்பெண் படிவத்தில் தேதியைத் தேடுங்கள். விண்ணப்பங்கள் திறந்தபிறகு நிரப்பிய அளவுகோலுக்கு மதிப்பில்லை.

பிறகு ஓரக் குறிப்புகள். கடைசிப் பத்து நியமனங்களின் கோப்புகளில் பெயர்களை மறைத்து, இருவர் தனித்தனியே படிக்கட்டும். ஒவ்வொரு குறிப்பையும் 'சான்று உண்டு', 'சான்று இல்லை' என்று இரண்டாகப் பிரிக்கச் சொல்லுங்கள். 'மூன்றாம் ஆண்டுப் பாடத்திட்டத்தை மாற்றி எழுதியிருக்கிறார்' என்பது சான்றுள்ள குறிப்பு. 'துறைக்குப் பொருந்துவாரா தெரியவில்லை', 'உச்சரிப்பு மாணவர்களுக்குச் சிரமமாகலாம்', 'சற்று இறுக்கமானவர்' என்பவை சான்றில்லாதவை. இன்னொன்றையும் கவனியுங்கள்: சிலரைப் பற்றி 'இன்னும் வளர்வார்' என்று வரும், சிலரைப் பற்றி 'இன்னும் நிரூபிக்க வேண்டும்' என்று வரும். தகுதிப் பட்டியல் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். பிறகு பெயர்த் திரையை எடுத்துவிட்டு எந்த வாக்கியம் யாருக்குப் போயிருக்கிறது என்று எண்ணுங்கள்.

பெயரை மறைத்துவிட்டால் போதாதா என்று கேட்பார்கள். பெர்ட்ரண்ட், முல்லைநாதன் இருவரும் பாஸ்டன், சிகாகோ நிறுவனங்களுக்குப் போலி விண்ணப்பங்களை அனுப்பி 2004-இல் வெளியிட்ட ஆய்வில் வெள்ளையர் பெயர்களுக்குச் சுமார் 50 சதவீதம் அதிக அழைப்பு வந்தது. ஆகவே அலுவலக, தொழில்நுட்பப் பணிகளுக்குப் பெயரை மறைப்பது நல்ல வழி. ஆசிரியர் பணிக்கு அது பாதிதான் உதவும், வெளியீட்டுப் பட்டியலே ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும். அங்கே அளவுகோலை இறுக்குவதுதான் பலன் தரும்.

விண்ணப்பத்துக்கும் முந்தைய கட்டம் ஒன்று இருக்கிறது. மில்க்மன் குழு 2015-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் 259 பல்கலைக்கழகங்களில் 6,500-க்கும் அதிகமான பேராசிரியர்களுக்கு, முனைவர் பட்டம் செய்ய விரும்புவதாகச் சொல்லும் ஒரே மாதிரிக் கடிதம் போனது. பெயர் மட்டும்தான் மாறியது. வெள்ளை ஆண் பெயர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம் பதில் வந்தது. பாகுபாட்டுக்கு உள்ளானவற்றில் இந்தியப் பெயர்களும் இருந்தன. துறையில் சிறுபான்மையினர் அதிகம் இருந்ததால் இந்தச் சாய்வு குறைந்துவிடவும் இல்லை. 'நம்மாட்கள் நாலு பேர் இருக்கிறார்களே' என்று ஆறுதல் கொள்பவர்களுக்கு இது உறைக்க வேண்டும். செய்யக்கூடியது எளிது: மாணவர் விசாரணைகளுக்குப் பொது முகவரி ஒன்று, பதில் சொல்லக் காலக்கெடு ஒன்று.

பணிச்சுமை, சம்பளம், பதவி உயர்வு

பணிச்சுமைப் பட்டியல் உண்மையைச் சொல்லாது. பருவத்தின் நடுவில் இரண்டு வாரம் எல்லோரும் நாட்குறிப்பு எழுதட்டும்: தனக்கு ஒதுக்கப்படாத மாணவர் வந்து பேசிய நேரம், விளம்பரப் படத்துக்கு நின்ற நேரம், வேறு துறைக் குழுவில் 'பன்முகத்தன்மைக்காக' உட்கார்ந்த நேரம். கறுப்பின மாணவர்கள் தங்களுக்கு ஒதுக்கிய ஆலோசகரை விட்டுவிட்டு எந்த ஆசிரியரின் கதவைத் தட்டுகிறார்கள் என்பது இதில் வெளிவரும்.

சம்பளத்தில் முதலில் பார்க்க வேண்டியது நுழைவுப் புள்ளி, அதாவது சம்பள வரிசையில் ஒருவர் தொடங்கும் இடம். ஒரே கிரேடில் ஒரே ஆண்டில் சேர்ந்த இருவர் எந்தப் புள்ளியில் தொடங்கினார்கள், உயர்த்திக் கேட்டது யார், கேட்கலாம் என்று யாருக்குச் சொல்லப்பட்டது? பிரிட்டனில் பேராசிரியர் சம்பளம் பொதுவாகத் தேசியச் சம்பள வரிசைக்கு மேலே போய்விடுவதால் பேரம் பேசுபவருக்கே வசதி. பதவி உயர்வில் வெற்றி விகிதத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்து போவீர்கள். விண்ணப்பித்தவர்களில் எத்தனை பேர் வென்றார்கள் என்பது சமமாக இருக்கலாம். தகுதி இருந்தும் விண்ணப்பிக்காதவர்கள் யார் என்பதுதான் கேள்வி. 'இன்னும் ஓராண்டு பொறுங்கள்' என்று வாய்மொழியாகச் சொல்லித் தடுப்பது எந்தக் கோப்பிலும் பதிவாகாது. அதனால் வகுக்கும் எண்ணாகத் தகுதியுள்ள அனைவரையும் வையுங்கள்.

ஆய்வின் தலைப்பும் ஒரு வடிகட்டிதான். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வு நிதியைப் பற்றி டோனா கிந்தர் குழு 2011-இல் காட்டியது: கல்வி, வெளியீடு முதலியவற்றைச் சரிசெய்த பிறகும் கறுப்பின ஆய்வாளர்களுக்கு நிதி கிடைக்கும் வாய்ப்பு 10 சதவீதப் புள்ளிகள் குறைவு. அந்த இடைவெளியில் 20 சதவீதத்துக்கும் மேல் அவர்கள் தேர்ந்தெடுக்கும் தலைப்பால் வருகிறது என்று 2019-இல் இன்னொரு ஆய்வு கணக்கிட்டது. சமூக அளவில் செய்யும் சுகாதார ஆய்வுகளுக்கு நிதி குறைவாகப் போகிறது. நிதி வென்றதைப் பதவி உயர்வுக்கு நேரடி அளவுகோலாக்கினால் அந்தச் சாய்வை உங்கள் துறையும் அப்படியே வாங்கிக்கொள்கிறது.

புகார் வரவில்லை என்றால்

புகார் இல்லாத துறை நல்ல துறை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பிரிட்டனின் சமத்துவ மனித உரிமை ஆணையம் 2019-இல் நடத்திய விசாரணையில் சிறுபான்மை மாணவர்களில் 24 சதவீதம் பேர் படிக்க வந்தபின் இனத் துன்புறுத்தலைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். பல்கலைக்கழகங்கள் பிரச்சினையின் அளவைக் குறைத்தே மதிப்பிட்டிருந்தன, பலர் புகாரே கொடுக்கவில்லை.

வந்த புகார் ஒவ்வொன்றுக்கும் ஐந்து தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: கொடுத்த நாள், முதல் பதில் வந்த நாள், விசாரிப்பவரை நியமித்த நாள், முடிவு வந்த நாள், புகார் கொடுத்தவர் வேலையை விட்ட நாள். கடைசித் தேதிதான் அதிகம் பேசும். விசாவில் இருப்பவர்களைத் தனியே பாருங்கள். அமெரிக்காவில் எச்-1பி பணியாளர் வேலை இழந்தால் மாற்று ஏற்பாட்டுக்கு அதிகபட்சம் 60 நாள். பிரிட்டனிலும் விசாவுக்குப் பொறுப்பேற்ற நிறுவனம் (ஸ்பான்சர்) விலகினால் வழக்கமாக 60 நாள்தான், அதோடு 2024 பிப்ரவரி முதல், விசாவோடு கட்ட வேண்டிய வயது வந்தவர்களுக்கான சுகாதாரக் கட்டணம் ஆண்டுக்கு 1,035 பவுண்டு. இப்படிப்பட்டவர் வாயைத் திறக்காததில் வியப்பில்லை.

சட்டக் கெடுவையும் எல்லோருக்கும் தெரியும்படி ஒட்டுங்கள். அமெரிக்காவில் சம வேலைவாய்ப்பு ஆணையத்திடம் போக 180 நாள், பாகுபாட்டுப் புகாரை விசாரிக்கும் மாநில அமைப்பு உள்ள இடங்களில் 300 நாள். உள்விசாரணை நடந்துகொண்டிருக்கிறது என்பதற்காக அந்தக் கடிகாரம் நிற்காது. 'முதலில் உள்ளே பேசித் தீர்த்துக்கொள்வோம்' என்ற நல்ல வார்த்தையில் பலருடைய உரிமை காலாவதியாகியிருக்கிறது.

சலுகையைக் கணக்கெடுப்பது

வெல்லஸ்லி கல்லூரியின் பெக்கி மக்கின்டாஷ் 1988-இல் வெள்ளையராகப் பிறந்ததால் தனக்குத் தானாகவே கிடைத்த வசதிகளை 46 வரிகளாக எழுதினார். அந்தப் பயிற்சியைப் பல்கலைக்கழகங்கள் கூட்டுக் குற்ற ஒப்புதலாக மாற்றிவிட்டன: வட்டமாக உட்கார்ந்து ஒருவர் அழுவார், கறுப்பின சக பணியாளர் அவரைத் தேற்றுவார், நிபந்தனையும் மாறாது, சம்பளமும் மாறாது.

வேறு மாதிரிச் செய்யலாம். ஒவ்வொருவரும் நாற்பது நிமிடம் தனியே, வேலையைப் பற்றி மட்டும் எழுதட்டும். என் முதல் வேலை காலியாக இருப்பதை யார் சொல்லித் தெரிந்துகொண்டேன்? பரிந்துரைக் கடிதம் கொடுத்தவரை நியமனக் குழுவில் எத்தனை பேருக்குத் தெரியும்? விடுமுறை நாளில் கட்டடத்துக்குள் நுழையும்போது அடையாள அட்டையைக் காட்டச் சொன்னார்களா? மாணவர்கள் என்னை டாக்டர் என்கிறார்களா, பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்களா? விசாவுக்கு என் கையிலிருந்து எவ்வளவு போனது? எழுதியதை யாரும் படித்துக்காட்ட வேண்டாம். கூட்டத்துக்கு ஒன்றை மட்டும் கொண்டுவரட்டும்: அந்த வசதியை எனக்குத் தந்த விதி அல்லது வழக்கம் எது? 'காலியிடம் முதலில் துறை மின்னஞ்சல் வட்டத்தில் சுற்றுகிறது' என்று ஒருவர் சொன்னால் அதை அடுத்த வாரமே மாற்றலாம்.

தமிழ் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தக் கணக்கெடுப்பில் சலுகை பெற்றவர், ஒதுக்கப்பட்டவர் என்ற இரண்டு பட்டியலிலும் நாம் வருவோம். நிறத்தால் ஒதுக்கப்படும் அதே ஆள், சாதியால் கிடைத்த கல்வி, உறவு வட்டம், பரிந்துரை எல்லாவற்றையும் சுமந்து வந்தவராக இருக்கலாம். 'ஆசியர்' என்ற கட்டம் அதைக் காட்டாது. பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019-இலும், கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக அமைப்பு 2022-இலும் பாகுபாட்டுத் தடை விதிகளில் சாதியைச் சேர்த்தன. உங்கள் விதியில் அந்தச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் தெற்காசியப் பணியாளர்களிடம் போய் என்ன சாதி என்று விசாரிக்க வேண்டாம், அதுவே துன்புறுத்தலாகிவிடும்.

மாற்றம்

நான்கைந்து பரிந்துரைக்கு மேல் எழுதாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் பொறுப்பான பதவி, தேதி, அளக்கும் எண் மூன்றும் வேண்டும். 'விழிப்புணர்வை வளர்ப்போம்' என்பது பரிந்துரையே இல்லை. 'செப்டம்பர் முதல், அளவுகோல் படிவம் எச்.ஆரிடம் வந்துசேரும்வரை விண்ணப்பங்கள் குழுவுக்குத் திறக்கப்படாது. பொறுப்பு, நியமன அலுவலர்' என்பது பரிந்துரை. அமெரிக்காவில் 708 தனியார் நிறுவனங்களின் 1971 முதல் 2002 வரையிலான தரவை ஆராய்ந்த கலேவ், டாபின், கெல்லி ஆய்வில், பயிற்சி வகுப்புகள் பெரிதாக எதையும் மாற்றவில்லை. குறிப்பிட்ட ஒருவரிடமோ குழுவிடமோ பொறுப்பைக் கொடுத்த இடங்களில்தான் மாற்றம் அதிகம் வந்தது.

சட்டத்தை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் 2010 சமத்துவச் சட்டத்தின் 149-ஆம் பிரிவு, பொது அமைப்புகள் சமத்துவத்தைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்ற கடமையை விதிக்கிறது, 159-ஆம் பிரிவு சமத் தகுதியுள்ள இருவரில் குறைவாகப் பிரதிநிதித்துவம் பெற்றவரைத் தேர்ந்தெடுக்க வரம்புக்குட்பட்டு அனுமதிக்கிறது. அமெரிக்காவில் 1964 சிவில் உரிமைகள் சட்டத்தின் ஏழாம் தலைப்பு இனத்தை வைத்து ஆள் எடுப்பதைத் தடுக்கிறது, எனவே திருத்தம் எல்லோருக்கும் பொதுவான நடைமுறையில்தான் இருக்க வேண்டும். டெக்சஸ் அரசுப் பல்கலைக்கழகங்களில் பன்முகத்தன்மை அலுவலகங்களுக்கு 2024 ஜனவரி 1 முதல் தடை. அங்கே வேலையைத் தொடங்கும் முன்பே சட்டப் பிரிவின் ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள். பாகுபாட்டுத் தடைச் சட்டம் அங்கேயும் நடைமுறையில்தான் இருக்கிறது, அதன் பெயரிலேயே நியமனத் தரவைக் கேட்கலாம்.

பிரிட்டனில், பல்கலைக்கழகங்களின் இன சமத்துவப் பணிக்குச் சான்றிதழ் தரும் இன சமத்துவச் சாசனத்தின் வெண்கலச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கச் சொல்வார்கள். தரவைத் திரட்ட அது நல்ல சாக்கு. ஆனால் விண்ணப்பம் எழுதுவதே ஒருவரின் ஓராண்டை விழுங்கிவிடும். சான்றிதழ் வந்ததும் திட்டம் அலமாரிக்குப் போகும் ஆபத்தும் உண்டு.

பன்னிரண்டு மாதம் கழித்து அதே வரையறையில் மறுபடி எண்ணுங்கள். இனப் பிரிவுகளை இடையில் மாற்றினால் பழைய எண்ணோடு ஒப்பிட முடியாது, எண் மோசமாக வந்தபோது வரையறையை மாற்றிய துறைகளும் இருக்கின்றன. எக்செல் கோப்பு, வரையறைத் தாள், எந்தத் தரவை யாரிடம் எந்தப் படிவத்தில் கேட்டோம் என்ற குறிப்பு ஆகிய மூன்றையும் துறையின் பொது டிரைவில் வையுங்கள். துறைத்தலைவர் பொதுவாக மூன்று நான்கு ஆண்டில் மாறிவிடுவார். புதியவர் வந்த முதல் மாதத்திலேயே அவருடைய கூட்ட நிரலில் இதைச் சேர்க்கச் சொல்லிச் செயலரிடம் தேதி வாங்கிவிடுங்கள்.